தொண்டையில் துளை போடாத மூச்சு

பெரக்கரை நாட்டைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று. மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பலா, சாமைக்காடு, மழை பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் வராத மின்சாரம் என்று நிறையச் சொல்லியாகிவிட்டது. இந்த முறை மூச்சைப் பற்றி. கட்டைவிரல் பருமனில் வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பற்றி என்றும் சொல்லலாம். அந்தக் குழாயின் கதை அமெரிக்காவில் நடந்தது. அது ஏன் நம் பக்கம் வந்து சேரவில்லை என்பதும் அந்தக் கதையில் ஒரு பகுதி. எனக்கு அதுதான் முக்கியமான பகுதி.

சுகாதார ஆய்வாளராக மலையில் இருந்த வருஷங்களில் போலியோ சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். 15 வயதுக்குட்பட்ட பிள்ளை யாருக்காவது கை கால் திடீரென்று துவண்டுபோனால் உடனே தகவல் சொல்ல வேண்டும், இரண்டு மல மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். அதனால் நடக்காத பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் எங்கள் கண்ணில் பட்டுவிடும். அப்படிப் பட்டவர்களில் சிலருக்குப் போலியோ இல்லை. 4 வயது வரை மற்ற பிள்ளைகளோடு ஓடிய பையன், பிறகு மேடு ஏறத் திணறுவான். கெண்டைக்கால் மட்டும் பயில்வான் போலத் தடித்திருக்கும். தரையிலிருந்து எழுந்திருக்கச் சொன்னால் தன் முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுவான். 10, 12 வயதில் நடை நின்றுவிடும். விசாரித்தால், "எங்க அண்ணனுக்கும் இப்படித்தானுங்க" என்பார் அம்மா. பிள்ளைக்குத் தாய்மாமன். தாய் வழியாக வந்து ஆண் பிள்ளைகளைத் தாக்கும் தசைச்சிதைவு அது. பிரெஞ்சு டாக்டர் ட்யூஷேன் பெயரால் அழைக்கிறார்கள். தசையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாமல் போவதுதான் காரணம் என்று கண்டுபிடித்ததே 1987இல்தான்.

'போலியோ இல்லை' என்று எழுதிவிட்டால் எங்கள் பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு வேலை முடிந்தது. பிறகு 17, 18 வயதில் ஒரு நாள், "சளி புடிச்சுப் போயிட்டானுங்க" என்று யாராவது சொல்வார்கள். சளியில் ஒரு வாலிபன் சாவானா? சாவான். எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும்.

நம் நெஞ்சு ஒரு கொல்லன் துருத்தி. நுரையீரல் என்பது வெறும் பை. அதை விரித்துச் சுருக்குவது தசைகள்தான், முக்கியமாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம். கால் தசை போனது போலவே இந்தத் தசைகளும் மெல்ல மெல்லப் போகும். நுரையீரலில் ஒரு குற்றமும் இருக்காது. துருத்தியை இழுக்க ஆள் இருக்காது. முதலில் தெரிவது ராத்திரியில். தூக்கத்தில் மூச்சு ஆழமில்லாமல் போய்க் கரியமில வாயு உடம்பிலேயே தங்கிவிடும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், கெட்ட கனவு, சாப்பாட்டில் நாட்டமின்மை. வீட்டில் 'பையன் சோர்ந்துவிட்டான்' என்று நினைப்பார்கள். அடுத்தது இருமல். நல்ல இருமலுக்கு முதலில் நெஞ்சு நிறையக் காற்று வேண்டும். அது முடியாதவனுக்குச் சாதாரண ஜலதோஷமே எமன்.

இந்தக் கட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வென்டிலேட்டர், பத்துப் பதினைந்து நாளில் தொண்டையில் துளை, அதில் குழாய். பேச்சு போகும் அல்லது பாதியாகும். குழாயில் சேரும் சளியை ராத்திரி பகல் பார்க்காமல் மெஷின் வைத்து உறிஞ்ச வேண்டும். பணம் தீர்ந்ததும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். 70 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கிற வீட்டில் அந்தத் துளையை யார் பார்த்துக்கொள்வது?

ஆனால் வேறு ஒரு வழி உண்டு. சக்கர நாற்காலியில் ஒரு வளையும் கம்பி. அதன் நுனியில் வாய்க்கு ஓரமாக ஒரு வளைந்த குழாய். நாற்காலிக்குப் பின்னால் சின்ன வென்டிலேட்டர். காற்று வேண்டும்போது தலையை லேசாகத் திருப்பி, குழாயை உதட்டால் கவ்வி, இளநீரை உறிஞ்சுவது போல ஒரு சின்ன உறிஞ்சு. மெஷின் ஒரு லிட்டர் அளவுக்குக் காற்றை உள்ளே தள்ளும். விட்டுவிட்டுப் பேசலாம், சாப்பிடலாம், சிரிக்கலாம். மூச்சு குறைந்தால் மறுபடி ஒரு கவ்வல். முகத்தில் மாஸ்க் இல்லை, தழும்பு இல்லை, கழுத்தில் துளை இல்லை. ஒரு மூச்சை வெளியே விடாமல் அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று மூட்டை மேல் மூட்டை அடுக்குவது போல அடுக்கலாம். நெஞ்சு நிறைந்ததும் யாராவது வயிற்றை அழுத்தினால் பலமாக இருமிச் சளியைத் துப்பிவிடலாம்.

இது நேற்றுக் கண்டுபிடித்த அதிசயம் இல்லை. எழுபது வருஷத்துக்கு மேல் பழசு. கண்டுபிடித்தவர் இன்னார் என்று ஒருவரைக் காட்டவும் முடியாது.

இரும்பு நுரையீரலிலிருந்து தொடங்க வேண்டும். 1928இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ட்ரிங்கர், ஷா என்ற இருவர் செய்தது. ஒரு தகரப் பீப்பாய்க்குள் நோயாளியைப் படுக்க வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, பீப்பாய்க்குள் காற்றை வெளியே இழுத்தால் நெஞ்சு தானாக விரியும். போலியோ மூச்சுத் தசையைத் தாக்கியவர்கள் இதில் பிழைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் போத் என்பவர் இதையே மரப்பலகையில் மலிவாகச் செய்தார். மோரிஸ் கார் கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபு 1938இல் அதைத் தன் தொழிற்சாலையில் செய்து பிரிட்டிஷ் பேரரசின் ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தார்.

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பெரும் போலியோ. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் இரும்பு நுரையீரல் ஒன்றே ஒன்றுதான். மூச்சு பாதித்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். தலைமை டாக்டர் லாசென் வேறு வழியில்லாமல் இப்சென் என்ற மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டார். ஆகஸ்ட் 27ஆம் தேதி 12 வயது விவி என்ற சிறுமியின் தொண்டையில் துளை போட்டுக் குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார் இப்சென். அவள் பிழைத்தாள். அதன் பிறகு ஏறக்குறைய 1500 மாணவர்கள், மருத்துவம் படிப்பவர்களும் பல் மருத்துவம் படிப்பவர்களும், மாதக் கணக்கில் முறை வைத்துக்கொண்டு படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் ஐ.சி.யூ. என்று சொல்வதன் பிறப்பு அதுதான். அதோடு சேர்ந்து இன்னொன்றும் பிறந்தது: மூச்சு போனால் தொண்டை வழியாகத்தான் என்ற பழக்கம். உலகம் முழுக்க மயக்க மருந்து டாக்டர்கள் அதையே கற்றார்கள், கற்பித்தார்கள். உயிர் காத்த வழி என்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

(இடையில் ஒரு சின்னச் செய்தி. ஆரம்ப சுகாதார நிலையப் பிரசவ அறையில், அழாத குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க வைத்திருக்கும் ஆம்பு பையும் டென்மார்க் சரக்குதான். ரூபென் என்ற டாக்டரும் ஹெஸ்ஸே என்ற இன்ஜினியரும் செய்து 1956இல் விற்பனைக்கு வந்தது. விட்டதும் தானாக உப்பிக்கொள்ளும் பை. அதற்கு மின்சாரமும் வேண்டாம், ஆக்சிஜன் சிலிண்டரும் வேண்டாம். இது பின்னால் வரும்.)

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு மாதிரி போனது. அங்கே இரும்பு நுரையீரல்கள் நிறைய. போலியோவுக்கென்றே நன்கொடை திரட்டிய தேசிய அமைப்பு இருந்தது. அது மெஷின்களுக்கும் மூச்சுக்கான தனி மையங்களுக்கும் பணம் கொடுத்தது. ஆனால் பீப்பாய்க்குள் கிடப்பவரைக் குளிப்பாட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், படுக்கைப்புண் பார்க்க வேண்டும். பீப்பாயைத் திறந்தால் மூச்சு நிற்கும். அந்தச் சில நிமிஷங்களுக்காகக் காற்றை அழுத்தித் தரும் ஒரு மெஷினில் குழாயை மாட்டி, நோயாளியின் வாயில் கவ்வக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். குளியல் நேரத்துக்கான ஒட்டுவேலை.

கொடுத்த பிறகு நோயாளிகள் அதைத் திருப்பித் தரவில்லை. பீப்பாய்க்குள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதா, நாற்காலியில் உட்கார்ந்து வாயோரம் ஒரு குழாயோடு ஜன்னலைப் பார்ப்பதா? கலிபோர்னியாவில் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஆஃபெல்ட் 1953இல் போலியோ சாதனங்கள் பற்றிய ஒரு மாநாட்டில் இதைச் சொன்னார். சிலர் குழாயைக் கவ்விக்கொண்டே தூங்கவும் செய்கிறார்கள் என்றார். நியூயார்க்கில் ஈஸ்ட் நதியின் நடுத்தீவில் இருந்த கோல்ட்வாட்டர் ஆஸ்பத்திரியில் அகஸ்டா ஆல்பா என்ற டாக்டரம்மாவின் வார்டில் இப்படிப்பட்டவர்கள் வருஷக் கணக்கில் வாழ்ந்தார்கள். பகலில் வாய்க்குழாய். ராத்திரி குழாய் நழுவாமல் இருக்க உதட்டை மூடிப் பிடிக்கும் ஒரு கவசம் பின்னால் வந்தது.

அதே ராஞ்சோவில் டாக்டர் டெய்ல் 1951இல் இன்னொன்றை எழுதி வைத்தார். மெஷினே இல்லாமல், நாக்காலும் தொண்டையாலும் காற்றை மடக்கு மடக்காக விழுங்கி நுரையீரலுக்குத் தள்ளும் வித்தை. இதுவும் நோயாளிகளே தங்களுக்குள் பழகிக்கொண்டது. தவளை மூச்சு என்று பெயர். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் பால் அலெக்சாண்டர் இறந்தபோது நம் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது, 70 வருஷத்துக்கு மேல் இரும்பு நுரையீரலில் வாழ்ந்தவர் என்று. அவர் வக்கீலாகிக் கோர்ட்டுக்குப் போனதெல்லாம் இந்தத் தவளை மூச்சின் தயவில். சிறுவயதில், 3 நிமிஷம் அப்படி மூச்சு விட்டுக் காட்டினால் நாய்க்குட்டி வாங்கித் தருகிறேன் என்று பயிற்சி கொடுத்த அம்மா சொன்னாராம். ஒரு வருஷம் பழகி நாய்க்குட்டியை வாங்கிவிட்டார்.

1955இல் சால்க் தடுப்பூசி, சில வருஷத்தில் சேபின் சொட்டு மருந்து. மேல்நாடுகளில் போலியோ வார்டுகள் காலியாயின. வாய்க்குழாயைத் தெரிந்த டாக்டர்கள் ஓய்வு பெற்றார்கள். புதிதாக வந்தவர்கள் ஐ.சி.யூ.வில் தொண்டைக்குழாய் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த வித்தை மருத்துவப் பாடத்தில் ஏறவேயில்லை. பழைய போலியோக்காரர்களின் வாயில்தான் அது உயிரோடு இருந்தது. 1980களில் ஜான் பாக் என்ற டாக்டர் ஆல்பாவோடு சேர்ந்து இவர்களைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். இது போலியோவுக்கு மட்டும் ஏன், தசைச்சிதைவுப் பையன்களுக்கும் ஆகுமே என்று 1987இல் எழுதினார். 1993இல் வாய்வழி மூச்சு மெஷினில் இருந்த 257 பேரைப் பற்றிய கட்டுரை வந்தது. அதற்குள் அவர்களில் பலர் பல பத்து வருஷம் வாழ்ந்திருந்தார்கள். சொந்தமாக ஒரு மூச்சும் விட முடியாதவர்களும் அதில் உண்டு. ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் யாகுமோ ஆஸ்பத்திரியில் இஷிகாவா என்ற டாக்டரம்மா இதே பாதையில் போனார். துளை போடாமல், மாஸ்க்கும் வாய்க்குழாயும் இருமல் உதவியும் மட்டும் கொடுத்த ட்யூஷேன் பையன்களில் பாதிப்பேர் 40 வயதை ஒட்டி வாழ்ந்தார்கள். எந்த உதவியும் இல்லாத பழைய காலத்தில் அது 18 வயது.

18க்கும் 40க்கும் நடுவில் இருப்பது 22 வருஷம். ஒரு படிப்பு, ஒரு வேலை, அம்மாவின் முதுமையைப் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

எல்லோருக்கும் இது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். உதடும் தொண்டையும் செயலிழக்கும் நரம்பு நோய்கள் உண்டு. அவர்களால் குழாயைக் கவ்வ முடியாது. எச்சிலே மூச்சில் இறங்கும். அவர்களுக்குத் துளைதான் வழி. கழுத்துக்கு மேலே கொஞ்சம் பலம் மிச்சம் இருப்பவர்களுக்கான வித்தை இது. ட்யூஷேன் பையன்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பலம் நெடுநாள் இருக்கிறது.

சரி, நம் நாட்டில் போலியோ குறைவா? உலகத்திலேயே அதிகம் இருந்தது இங்கேதான். அப்படியானால் அந்த வார்டுகளும் அந்தப் பழைய ஆட்களும் அவர்கள் வாய்க்குழாயும் இங்கே ஏன் இல்லை?

நான் புரிந்துகொண்டது இது. கோபன்ஹேகனில் தண்ணீரும் சாக்கடையும் சுத்தம். அதனால் அங்கே பிள்ளைகளுக்குப் போலியோ கிருமி தாமதமாக, 10 வயதில், 20 வயதில், தொற்றியது. மூச்சு போனவர்களில் பேசத் தெரிந்தவர்கள், குழாயைக் கவ்வத் தெரிந்தவர்கள், 'இது எனக்கு வேண்டும், அது வேண்டாம்' என்று டாக்டரிடம் வாதாடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நம் ஊரில் கிருமி எங்கும் இருந்தது. தொற்றியது கைக்குழந்தைகளை, பெரும்பாலும் 3 வயதுக்குள். காலைத் தாக்கினால் குழந்தை பிழைத்தது, கேலிப்பர் போட்டு நடந்தது. மூச்சைத் தாக்கினால் அது போலியோ என்றே வீட்டில் தெரியாது. ஜுரம் வந்தது, ராத்திரியே போய்விட்டது என்பார்கள். மெஷின் இருக்கும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் நேரமிருக்காது. ஆகவே மெஷினில் மூச்சு விட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உருவாகவே இல்லை. வித்தையைக் கைமாற்றிவிட ஆள் இல்லை. டாக்டர்கள் வாயால் பரவாமல் நோயாளிகள் வாயால் பரவிய வித்தை, நோயாளிகள் பிழைக்காத தேசத்துக்கு எப்படி வரும்?

இதில் கொல்லிமலைக்கு ஒரு தொடர்பு உண்டு. இந்த மலைக்கு 1913ஐ ஒட்டி வந்த பாதிரியார் ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின். ரோடு இல்லாத காலம், டோலியில்தான் ஏற்றம். ஜெஸ்ஸி 1929இல் மலைக் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் பாட்டியம்மா தள்ளாத வயதிலும் மலை மலையாகச் சுற்றி 1974இல் காலமாகி, கணவர் பக்கத்திலேயே அடங்கினார். இவர்கள் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய அதே டாக்டர். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸுக்கு அறுவை செய்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யப் பழக்கியவரும் அவர்தான். மேரி வர்கீஸ் 1960களின் தொடக்கத்தில் நியூயார்க் போய் ரஸ்க் என்ற டாக்டரிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையத்தைத் திறந்தார். நாட்டுக்கே முன்னோடி.

அவர் படித்த இடம் ஈஸ்ட் நதிக்கரை. அதே நதியின் நடுத்தீவில் அப்போது ஆல்பாவின் ஆட்கள் வாயில் குழாயோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மேரி வர்கீஸ் ஊர் திரும்பியபோது இங்கே காத்திருந்தவர்கள் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், தொழுநோயாளிகள், போலியோக் கால்கள். அவர்களுக்கு வேண்டியதை அவர் செய்தார். மெஷினில் மூச்சு விடும் நோயாளி வாசலில் நிற்கவில்லை. நிற்கும் அளவுக்கு உயிரோடு இல்லை.

அதே சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜான், சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் மேல்நாட்டில் போல வேலை செய்வதில்லை, கூடுதல் தவணைகள் வேண்டும் என்று காட்டினார். எல்லாக் குழந்தைக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கும் முறை வேலூர் நகரத்தில் 1981இல் நடந்தது. நாடு முழுக்க வர 1995 ஆயிற்று. 2011 ஜனவரியோடு போலியோ முடிந்தது. பெரக்கரை நாட்டில் மழையில் வழுக்கி விழுந்து எழுந்து நாங்கள் சொட்டு மருந்து கொடுத்ததெல்லாம் அதில் ஒரு துளி. எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

தசைச்சிதைவு என்ற சொல்லையே தமிழ்நாட்டில் பலர் கேட்டது சேலத்துச் சகோதரிகள் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி மூலமாகத்தான். இருவருக்கும் தசைச்சிதைவு. 2009இல் ஆதவ் அறக்கட்டளை தொடங்கித் தங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சியும் சிகிச்சையும் கொடுத்தார்கள். வானவன் மாதேவி 2017இல் காலமானார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தின் சங்கரராமனும் தசைச்சிதைவு உள்ளவர்தான், ஆடிட்டர். 2016ஆம் வருஷத்துச் சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக இது சேர்ந்தது. தமிழக அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. இவையெல்லாம் நல்லவை. ஆனால் இந்தப் பட்டியலில் மூச்சு எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ஆடி 18க்கு, செம்மேட்டில் வல்வில் ஓரி விழா பார்க்கப் போனவன் அப்படியே பெரக்கரை நாட்டில் தெரிந்த ஒரு வீட்டுக்கும் போனேன். நான் சொட்டு மருந்து கொடுத்த பையன். இப்போது 19 வயது. நாற்காலியில் தலையணை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். முந்தைய மார்கழியில் சளி பிடித்து 108இல் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். "தூங்கிக்கிட்டே இருந்தானுங்க சார். நல்லாத் தூங்கட்டும்னு நாங்களும் இருந்துட்டோம். அப்புறம் எழுப்பினா எழுந்திரிக்கலைங்க" என்றார் அம்மா.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவது ஆக்சிஜன் இல்லை, துருத்தி. துருத்தியை இயக்காமல் ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் கருவியில் நம்பர் அழகாக 98 காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும். அது தூக்கம் இல்லை, மயக்கம். அன்றைக்கு ராத்திரி டியூட்டி நர்ஸ் ஒருவர் சந்தேகப்பட்டு ஆம்பு பையை எடுத்து அமுக்க ஆரம்பித்திருக்கிறார். அரை மணியில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டானாம். அப்புறம் தொண்டையில் துளை போடலாம் என்று சொன்னபோது, மலைமேல் அதைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அப்பா மறுத்துவிட்டார். சாகத்தான் கூட்டிப் போகிறோம் என்று நினைத்துத்தான் கூட்டி வந்தார்கள்.

கிளம்பும்போது அங்கிருந்த பிசியோதெரபி பெண் ஒருவர் ஒரு ஆம்பு பையையும், மாஸ்க்குக்குப் பதிலாக வாயில் கவ்வும் குழாயையும் வாங்கச் சொல்லி, அம்மாவுக்குப் பழக்கி அனுப்பியிருக்கிறார். எனக்குச் செய்து காட்டினார்கள். அவன் குழாயைக் கவ்வினான். அம்மா ஒரு அமுக்கு. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. தோள் ஏறி நெஞ்சு விரிந்தது. "மூணு தடவைங்க சார். நடுவால காத்த உட்றக்கூடாதுன்னு சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மா அவன் வயிற்றில் கை வைத்து அழுத்த, ஒரு இருமல் இருமினான் பாருங்கள், திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்துவிட்டது.

ஆல்பாவின் வார்டில் இருந்த அதே வித்தை. மெஷினுக்குப் பதில் அம்மாவின் கை. ராத்திரி முழுக்க அம்மா அமுக்க முடியாது. அதற்கு மெஷின் வேண்டும். இரண்டு வகை மெஷின் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு ஊரெல்லாம் தெரிந்த பைபேப், தூங்கும்போது மாஸ்க்கில் காற்றைத் தள்ளும். ராத்திரிக்கு அது போதும். பகலில் வாய்க்குழாய்க்கு ஒரே அளவு காற்றைத் தரும் வகையும் பேட்டரியும் வேண்டும்; அது லட்சக் கணக்கில். குழாய் பெரும்பாலும் வாய்க்கு வெளியே திறந்தே இருப்பதால் சாதாரண மெஷின் 'காற்றுக் கசிகிறது' என்று ஓயாமல் கத்தும். குழாயின் வளைவிலேயே கொஞ்சம் தடை வைத்து அதை ஏமாற்றுவது பழைய ஆட்களின் தந்திரம். இப்போது சில மெஷின்களில் வாய்க்குழாய்க்கென்றே தனி முறை வைத்திருக்கிறார்கள். மலையில் மின்சாரம் போனால் இன்வெர்ட்டர், அதுவும் தீர்ந்தால் ஆம்பு பை. துளை போட்டவனுக்கும் இதே மின்சாரம்தான், கூடவே சளி உறிஞ்சும் மெஷினும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021 முதல் பிசியோதெரபிக்காரர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். கை காலை நீட்டி மடக்கிவிட்டுப் போகும்போது மூச்சையும் ஒரு கை பார்த்துவிடலாம். அதற்குக் கருவிகூட வேண்டாம். நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொன்னால் போதும். நல்ல நெஞ்சுள்ளவர்கள் 40ஐத் தாண்டுவார்கள். மாதத்துக்கு மாதம் எண்ணிக்கை இறங்கினால் துருத்தி இறங்குகிறது. 15க்குக் கீழே போனால் பெரிய டாக்டரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

அந்த வீட்டில் இதையும் பழக்கிக் கொடுத்திருந்தார் அந்தப் பிசியோதெரபி பெண். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் அட்டையில், சாமி படத்துக்குக் கீழே, மாதம் போட்டு அம்மா பென்சிலில் எழுதி வைத்திருந்தார். மாசியில் 19. சித்திரையில் 18. ஆடியில் நான் போன அன்றைக்கு எண்ணச் சொன்னோம், 16. பையில் மூன்று தடவை காற்றை அடுக்கிவிட்டு எண்ணியபோது 31.